ஆலுவுக்குக் காது கிடையாது

ஜூன் 9, 2025, திங்கள்

இன்று காலை "உட்காரு!" என்று நான் கத்தியது என் நாலு வயசு மகள் ஷ்ரேயாவைப் பார்த்து. எதிர்வீட்டு நாய் உட்கார்ந்துவிட்டது. ஷ்ரேயா உட்காரவில்லை. சோபா மேல் குதித்துக்கொண்டே தோசை தின்றாள்.

என் தொண்டை அப்படி. பெங்களூர் பிரேசர் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் பி.டி. மிஸ். மைதானத்தின் இந்த மூலையில் நின்றுகொண்டு அந்த மூலையில் சண்டை போடுகிறவளை நிறுத்த வேண்டும் என்றால் குழைந்து குழைந்து பேச முடியாது. வீட்டுக்கு வந்தால் மாமனார். யேசுதாஸ் மாமா கோலார் தங்க வயலில் சுரங்கத்துக்குள் வெடி வைத்தவர், காது முக்கால்வாசி அங்கேயே போய்விட்டது. அவரிடம் "காபி வேணுமா மாமா" என்று நான் கேட்டால் லிங்கராஜபுரத்தில் எங்கள் தெரு முழுக்கக் கேட்கும். ஒருநாள் கீழ்வீட்டுக்காரம்மா "எனக்கும் ஒரு கப் கொடுங்க மிஸ்" என்று மேலே வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் டேரில் மட்டும்தான் இந்த வீட்டில் மெல்லப் பேசுகிறவர். அதுவும் எலெக்ட்ரானிக் சிட்டி வரைக்கும் கம்பெனி வண்டியில் போய்வந்த களைப்பாக இருக்கலாம்.

ஒன்றரை மாதமாக எழுதாததை இன்று எழுதிவிடுகிறேன். ஈஸ்டர் முடிந்த வாரம் ஷ்ரேயாவைக் குளிப்பாட்டும்போது வயிற்றின் இடது பக்கம் கெட்டியாக ஏதோ கைக்குத் தட்டுப்பட்டது. வாயுத்தொல்லை என்று ஓமத்தண்ணீர் கொடுத்தேன். பிறகு ஸ்கேன், பிறகு ஊசி விட்டுச் சதை எடுத்துச் சோதனை, பிறகு அந்தப் பெயர். நியூரோபிளாஸ்டோமா. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற ஒரு சுரப்பியில் உட்கார்ந்திருக்கிறதாம். பெரும்பாலும் குழந்தைகளுக்கு மட்டுமே வருகிற புற்றுநோய். "வேற எங்கயும் பரவல. மருந்து குடுத்துச் சுருக்கிட்டு, அப்புறம் ஆபரேஷன்ல எடுத்துடலாம். நல்லபடியா ஆகறதுக்கு நெறைய சான்ஸ் இருக்கு மெர்சி," என்றார் டாக்டர் ரமா. நிறைய என்றால் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. கேட்டு என்ன செய்ய?

எவ்வளவு பெரிசு என்றுதான் கேட்டேன். சின்ன உருளைக்கிழங்கு அளவு என்றார். ஷ்ரேயா அதற்கு அங்கேயே, இந்தியில் உருளைக்கிழங்கைச் சொல்கிற மாதிரி, "ஆலு" என்று பெயர் வைத்துவிட்டாள். தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது, அதற்கும் அவளுக்குச் சிரிப்புதான். "நானும் தாத்தாவும் மேட்சிங்," என்கிறாள்.

ஜூன் 12, வியாழன்

மருத்துவமனையில் ஒரு பெண் வந்தாள். அனன்யா. டாக்டர் ரமாவோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்கிறவள். ஷ்ரேயாவிடமிருந்து சோதனைக்கு எடுத்ததில் மிச்சமிருக்கும் துளியை ஆராய்ச்சிக்குத் தருவீர்களா என்று கேட்டாள்.

"கட்டி தனியா வளர்றதில்ல மேடம். சுத்தி இருக்கற நரம்புங்களோட பேசிக்கிட்டே இருக்கு. நரம்பு ஒரு சிக்னல் குடுக்குது, கட்டி அதை வாங்கிட்டு வளருதான்னு பாக்கறோம்."

"என்ன சிக்னல்?"

"நெறைய இருக்கு. அட்ரினலின் வகையும் அதுல ஒண்ணு…"

அதற்குள் அவள் போன் அடித்தது. "ஒன் மினிட் மேடம்" என்று ஓடினாள். வரவேயில்லை. நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 13, வெள்ளி

அட்ரினலின்.

ஒன்பதாம் வகுப்பு உடற்கல்வியில் நான்தானே அந்தப் பாடம் எடுக்கிறேன்! சார்ட் பேப்பரில் நானே படம் வரைந்து ஒட்டியிருக்கிறேன். பயந்தால், ஓடினால், கோபப்பட்டால், திடீரென்று சத்தம் கேட்டால் நரம்பு போய்ச் சுரப்பியைத் தட்டும், அட்ரினலின் வரும். எந்தச் சுரப்பி? ஆலு உட்கார்ந்திருக்கிற அதே சுரப்பி.

அப்படியானால் நான் ஒவ்வொரு தடவை கத்தும்போதும்…

ஐயோ. நாலு வருஷமாகக் கத்துகிறேனே.

ஜூன் 15, ஞாயிறு

இன்றிலிருந்து வீட்டுச் சட்டம். ஷ்ரேயாவின் நரம்பைத் தட்டி எழுப்பும் எதுவும் இந்த வீட்டில் கூடாது.

குக்கர் கிடையாது, பானையில் சோறு. காலிங் பெல் ஒயரைக் கழற்றியாயிற்று. எல்லார் போனும் வைப்ரேட்டில். மிக்ஸியைக் கீழ்வீட்டில் கொடுத்து அரைத்து வாங்க வேண்டும். டேரில் கிச்சுகிச்சு மூட்டக் கூடாது, தூக்கிப் போட்டுப் பிடிக்கக் கூடாது. ஓடிப்பிடித்து விளையாட்டு கூடாது. முக்கியமாக, நான் கத்தக் கூடாது. யாரும் கத்தக் கூடாது. சிரிப்பதென்றால் புன்னகை போதும்.

இதையெல்லாம் சமையலறையில் டேரிலிடம் சொன்னேன். "இது டாக்டர் சொன்னதா, நீயே சொல்றதா?" என்றார்.

"சைன்ஸ் சொல்லுது."

"ரமா மேடம்கிட்ட ஒரு வார்த்த கேட்டுடலாமே."

"அவங்களுக்கு ஆயிரம் பேஷண்ட். நான் ஒன்பதாவதுக்கு வருஷா வருஷம் இதத்தான் எடுக்கறேன். எனக்குத் தெரியாதா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். நல்ல மனுஷன்.

ஜூன் 22, ஞாயிறு

மாமாவிடம் மெல்லப் பேசுவது எப்படி? வாட்ஸ்அப்தான். ஒரே சோபாவில் அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். "மாமா, சாப்பிட வாங்க" என்று டைப் செய்து அனுப்பினேன். அவர் கண்ணாடியைத் தேடி, போட்டு, படித்து, போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்து வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். என் பக்கத்திலேயே உட்கார்ந்து முழுத் தொண்டையில்: "இன்னா கொழம்புமா?"

ஷ்ரேயா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரிக்காதே என்று வாயில் விரல் வைத்துக் காட்டினேன். எனக்கே சிரிப்பு தாங்கவில்லை, பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்துவிட்டு வந்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

சர்ச்சுக்கு ஷ்ரேயாவைக் கூட்டிப்போகவில்லை. மருந்து எடுக்கிற பிள்ளையைக் கூட்டத்தில் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். ஆனால் எனக்கு உண்மையான பயம் டிரம்ஸ் அடிக்கிற பையன் மேல்.

ஜூலை 19, சனி

ஷ்ரேயாவுக்கு ஐந்து முடிந்தது. பலூன் வெடிக்கும் என்பதால் பலூன் இல்லை. எல்லாரும் கேக்கைச் சுற்றி நின்று குசுகுசுவென்று ஹேப்பி பர்த்டே சொன்னோம். கைதட்டலுக்குப் பதிலாகக் கையை ஆட்டினோம். என் தங்கச்சி மோனிகா என் காதில், "அக்கா, இது பர்த்டேவா, துக்க வீடா? உங்க வீட்டுக்குள்ள வந்தாலே எனக்கு அழுக வருது," என்றாள்.

வாயை மூடு என்றேன். மெல்லத்தான் சொன்னேன்.

ஷ்ரேயா பெரிய மனுஷி மாதிரி எல்லாருக்கும் கேக் ஊட்டினாள். அடம் இல்லை, ஆட்டம் இல்லை. எவ்வளவு பொறுப்பாகிவிட்டாள் பாருங்கள் என்று நானே டேரிலிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் கேக் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஜூலை 27, ஞாயிறு

மாமா கோபித்துக்கொண்டு கே.ஜி.எஃப்.புக்குப் போய்விட்டார், மகள் வீட்டுக்கு. நேற்று கிரிக்கெட் பார்க்கும்போது டிவி சத்தத்தை நான் சுத்தமாக நிறுத்திவிட்டேன். "எனக்கு எப்டியும் கேக்காதுன்னு நெனச்சியா? எனக்குக் கொஞ்சம் கேக்கும்மா. அந்தக் கொஞ்சத்தையும் புடுங்கறியே," என்றார்.

மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு என் பிள்ளை முக்கியம். ஷ்ரேயா வாசலில் நின்று கையை மட்டும் ஆட்டினாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஸ்தோத்திரம்! ஸ்கேனில் ஆலு சுருங்கியிருக்கிறது. பாதியாக இல்லாவிட்டாலும் பாதிக்குப் பக்கத்தில். "மருந்து நல்லா வேலை செய்யுது," என்றார் டாக்டர் ரமா. மருந்து மட்டுமா டாக்டர், என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். நாங்கள் வாயைக் கட்டிக்கொண்டு கிடப்பது யாருக்குத் தெரியும்?

டேரிலைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தேன். எப்படி? என்கிற பார்வை. அவர் என் கையை எடுத்து வைத்துக்கொண்டார். திரும்பி வரும்போது ஆட்டோக்காரரிடம்கூட ஹாரன் அடிக்காதீங்க என்று சொன்னேன். "மேடம், பெங்களூர்ல ஹாரன் இல்லாம ஹேகே, எப்டி?" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் அடிக்காமல்தான் ஓட்டினார், பாவம். வீடு வந்து சேர ரொம்ப நேரம் ஆனது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நோட்டை எடுத்துவிட்டேன். எழுதினால் மனசு கொஞ்சம் அடங்குமா பார்ப்போம்.

டாக்டர் ரமா ஷ்ரேயாவிடம் "இன்னிக்கு என்ன சாப்ட்டே?" என்று கேட்டார். அவள் சொன்னாள். டாக்டர் குனிந்து காதைக் கொடுத்து, மறுபடி கேட்டார். அவள் மறுபடி சொன்னாள். காற்று மட்டும்தான் வந்தது. டாக்டர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"எப்போலேருந்து இப்படிப் பேசறா மெர்சி?"

நாங்கள் எல்லாருமே இப்படித்தான் பேசுகிறோம் டாக்டர் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் நெஞ்சில் அடித்த மாதிரி இருந்தது. ஷ்ரேயாவின் குரலை நான் கடைசியாக எப்போது கேட்டேன்? விளையாடும்போது? இல்லை. தூக்கத்தில் உளறும்போது? இல்லை. போன வாரம் ஊசி குத்தினபோதுகூடக் கண்ணீர் மட்டும் வழிந்தது, சத்தம் இல்லை. என் மகள் எவ்வளவு தைரியசாலி என்று நர்ஸிடம் சொன்னேனே. பாவி நான்.

"இவளுக்குக் குடுக்கற மருந்துல ஒண்ணு சில பிள்ளைங்களுக்குத் தொண்டை நரம்பைப் பாதிக்கும். பெரும்பாலும் சரியாயிடும், பயப்படாதீங்க. ஆனா பாத்துடணும். வியாழக்கிழமை கேமரா விட்டுப் பாக்கலாம்," என்றார்.

ஒருவேளை நிஜமாகவே குரல் போய்விட்டதா? நாங்கள் எல்லாரும் கிசுகிசுத்துக்கொண்டே இருந்ததில், போனது யாருக்கும் தெரியாமல் போய்விட்டதா? டாக்டரிடம் எதுவும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

டேரில் லீவு போட்டார். "கத்தச் சொல்லிப் பாப்போம். குரல் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுடும்," என்றார்.

"கத்தினா அட்ரினலின்…"

"மெர்சி. ஒரே ஒரு தடவ."

சரி என்றேன். எனக்கு அவள் கத்தவும் வேண்டும், கத்தவும் கூடாது. எந்தத் தாய்க்கு வரும் இப்படி ஒரு நிலைமை?

"ஷ்ரேயாம்மா, சத்தமா 'டாடி'ன்னு கூப்புடு, பாக்கலாம்," என்றார் டேரில். தலையை ஆட்டி மாட்டேன் என்றாள். ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன் என்றார். மாட்டேன். நான் கேட்டேன். மாட்டேன். கடைசியில் டேரில் அவளை மடியில் உட்கார வைத்து, ஏன்டா கண்ணா என்றார்.

அவர் காதில் சொன்னாள். எனக்கும் கேட்டது. "கத்தினா ஆலு பெருசாயிடும்."

"யாரு சொன்னா?"

"மம்மி. கிச்சன்ல. உங்ககிட்ட சொன்னாங்கல்ல."

அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டாள். "நான் ஸ்கூல்ல நெறைய கத்துனேன்ல மம்மி? அதனாலதான் ஆலு வந்துச்சா?"

என்ன எழுதறது இதுக்கு மேல. அஞ்சு வயசு. தானே தனக்கு நோவு வரவழைச்சுக்கிட்டதா நெனச்சு, அது பெருசாகக் கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டுக் கெடந்திருக்கு என் புள்ள. நான் என்னடான்னா பொறுப்பு வந்துடுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். எனக்கு பி.டி. மிஸ்னு ஒரு வேலை வேற.

ஆகஸ்ட் 21, வியாழன்

கேமரா விட்டார்கள். தொண்டை சுத்தம். நரம்பு, குரல்நாண், எல்லாம் அருமையாக இருக்கிறது என்றார் தொண்டை டாக்டர். "அப்போ ஏன் குரல் வரல?" என்று டாக்டர் ரமா ஃபைலைப் புரட்ட ஆரம்பித்தார். இதற்கு மேலும் மறைத்தால் பிள்ளையை இன்னொரு மெஷினுக்குள் தள்ளுவார்கள். சொல்லிவிட்டேன். குக்கரில் ஆரம்பித்து ஆட்டோ ஹாரன் வரைக்கும்.

மாமாவின் வாட்ஸ்அப் கதை வந்தபோது டாக்டர் சிரித்துவிட்டார். மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். ஷ்ரேயா கேட்டதைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. எழுந்து வந்து அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார், கட்டியிருந்த பட்டுப்புடவையோடு.

"ஷ்ரேயா, இங்க பாரு. ஆலுவுக்குக் காது கெடையாது. நீ கத்தினாலும் அதுக்குத் தெரியாது, சிரிச்சாலும் தெரியாது. நீ பண்ண எதனாலயும் அது வரல. சரியா?"

ஷ்ரேயா என்னை விரலால் காட்டினாள். "மம்மி கத்துனதனால?"

"அதனாலயும் இல்ல."

நான் கேட்கப் பயந்த கேள்வி அது. அவள் கேட்டுவிட்டாள். நான் அங்கேயே, அத்தனை பேர் முன்னால், ஓவென்று அழுதேன். ரொம்ப நாளைக்கப்புறம் என் முழுக் குரலில்.

பிறகு அனன்யாவைக் கூப்பிட்டார்கள். முகம் வெளுத்துப் போய் வந்தாள். "சாரி மேடம். அன்னிக்கு நான் பாதியில ஓடிட்டேன்," என்றாள். லேப்டாப்பில் படம் காட்டினாள். ஊதா நிறத்தில் புள்ளி புள்ளியாக, எல்லாம் ஒரே மாதிரி. ஆலுவின் உள்ளே.

"இது எல்லாமே நரம்பாகியிருக்க வேண்டிய செல்லுங்க மேடம். பொறக்கறதுக்கு முன்னாடியே வளர்ந்து நரம்பா மாறியிருக்கணும். நடுவழியில நின்னுடுச்சு. மாறவும் இல்ல, பெருகறதையும் நிறுத்தல."

எட்டாம் வகுப்புக்கு வந்தும் எல்.கே.ஜி. மாதிரி உருண்டு புரளுகிற கோஷ்டி எனக்குத் தெரியாதா? புரிகிறது என்றேன்.

"நரம்புலேருந்து வர்ற ரசாயனம் சில கட்டிக்கு உரமாகுது. ஆனா வேற சில கட்டியில, நரம்புக்குத் துணையா இருக்கற செல்லுங்க உள்ள வந்து, இதுங்களை முதிர வெச்சுடுது. அதுக்கப்புறம் அது சாதுவாயிடும், வளராது. எங்க எது நடக்குது, ஏன் நடக்குதுன்னுதான் நாங்க தேடிட்டு இருக்கோம். இன்னும் முழுசா தெரியாது."

"அட்ரினலின்?"

"அதையும் லேப்ல பாக்கறோம். ஆனா நீங்க திட்டினா, பாப்பா பயந்தா கட்டி வளரும்னு அதுக்கு அர்த்தம் இல்ல மேடம். அப்படி யாரும் காட்டல."

"நான் ஒன்பதாவதுக்குப் பாடம் எடுக்கறேன்," என்றேன்.

"நீங்க எடுத்த பாடம் கரெக்ட்தான். நீங்க போட்ட முடிச்சுதான்…" என்று இழுத்தாள். டேரில் மெல்ல இருமினார். அந்த இருமலை நான் மறக்க மாட்டேன், இருக்கட்டும்.

"நீங்க வீட்டுக்குப் போய்க் குக்கரை வைங்க மெர்சி," என்றார் டாக்டர் ரமா.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

குக்கர் வைத்தேன், மிக்ஸி போட்டேன், பெல்லை மாட்டினேன். ஆனால் ஷ்ரேயா இன்னும் கிசுகிசுதான். டாக்டர் சொன்னது மண்டைக்குள் போயிருக்கிறது, தொண்டைக்கு இறங்கவில்லை. வற்புறுத்தக் கூடாது என்று டேரில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இந்தத் தடவை நான் கேட்டுக்கொண்டேன்.

மாமாவிடம் போனில் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு என்ன கேட்டதோ, "சரி சரி, வரேன்," என்றார். மாலையில் ஆட்டோவில் வந்து இறங்கினார். நாங்கள் பால்கனியில் நின்றோம். அவர் பையை எடுத்துக்கொண்டு, எங்கள் கேட்டைத் தாண்டி, யோசனையில் பக்கத்துக் கேட்டுக்குப் போய்விட்டார். அங்கே தாழ்ப்பாளைத் தள்ளுகிறார்.

"தாத்தா," என்றாள் ஷ்ரேயா. காற்று.

அவர் திரும்பவில்லை. நான் கூப்பிட வாய் திறந்தேன். டேரில் என் தோளை அழுத்தினார்.

"தாத்தா." கொஞ்சம் குரல். கரகரவென்று.

தாழ்ப்பாள் திறந்துகொண்டது. அவர் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார்.

"தா… தாஆஆ! அது நம்ம வீடு இல்லஆஆ!"

அடேயப்பா! என் தொண்டை! அப்படியே என் தொண்டை! தெருவில் கிரிக்கெட் ஆடிய பிள்ளைகள் பந்தை விட்டுவிட்டு மேலே பார்த்தார்கள். மாமா நின்று, திரும்பி, "யாரோ கூப்ட மாரி இருந்துச்சே," என்று அண்ணாந்து பார்த்தார்.

ஷ்ரேயா உடனே சட்டையைத் தூக்கி வயிற்றை அமுக்கிப் பார்த்துக்கொண்டாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "பெருசாகல மம்மி," என்றாள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

இன்று காலை முதல் வாயே மூடவில்லை அவள். எனக்குத் தலைவலி. என்ன சுகமான தலைவலி!

செப்டம்பர் 16, செவ்வாய்

கடைசி ஊசி மருந்து. வாந்தி, வாய்ப்புண், எல்லாம் இந்த முறை கடுமை. கத்தித் தீர்த்தாள். "இந்த ஊசி கெட்ட ஊசி! இந்த ஆஸ்பத்திரி கெட்ட ஆஸ்பத்திரி! டாக்டர் ஆன்ட்டி மட்டும் நல்லவங்க!" வார்டு முழுக்க வேடிக்கை பார்த்தது. கத்துடி செல்லம் என்றேன். நர்ஸ் என்னை முறைத்தார்.

அக்டோபர் 14, செவ்வாய்

ஆபரேஷன். உள்ளே கொண்டுபோனார்கள். டேரிலும் நானும் மாமாவும். மாமா என்னிடம் ரகசியமாக ஏதோ சொல்வதாக நினைத்துக்கொண்டு, "பயப்படாதம்மா, நம்ம கொழந்த கெட்டி!" என்று காரிடாரே அதிரச் சொன்னார். ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு குடும்பம் "ஆமென்" என்றது.

முழுதாக எடுத்துவிட்டார்களாம். சிறுநீரகத்துக்கு ஒன்றும் இல்லை. அவ்வளவுதான் இப்போதைக்கு எழுத முடியும். எடுத்த கட்டியைச் சோதித்த முடிவு வரணும்.

அக்டோபர் 15, புதன்

கண் திறந்தாள். "ஆலு எங்க? எனக்குக் காட்டுங்க," என்றாள்.

அக்டோபர் 20, திங்கள்

முடிவு இன்னும் வரவில்லை. உள்ளே இன்னும் அடங்காத செல்கள் நிறைய இருந்தால் மறுபடி மருந்து, இன்னும் கடுமையாக. டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார். தீபாவளி வெடி ஊரெல்லாம். ஷ்ரேயா படுக்கையிலிருந்தே ஒவ்வொரு வெடிக்கும் "ஹே!" என்கிறாள். நானும் சிரிக்கிறேன். பயத்தை எங்கே வைப்பது? இங்கே வைக்கிறேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

அனன்யா எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தாள். ரிப்போர்ட்டைப் படிக்க வேண்டியதே இல்லை, அவள் முகத்திலேயே இருந்தது. டாக்டர் ரமா அவளை அடக்கிவிட்டு அவரே சொன்னார். எடுத்ததில் ஏறக்குறைய எல்லாமே முதிர்ந்துவிட்ட செல்கள். நடுவழியில் நின்றதெல்லாம் வளர்ந்து, சாதுவான நரம்பாகிவிட்டதாம். இனி மருந்து வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்துக்கொண்டால் போதும்.

"மருந்தாலயா டாக்டர், இல்ல தானாவா?"

"மருந்தும் காரணம். கூடவே உள்ள நரம்போட துணைச் செல்லுங்க நெறைய இருந்துச்சு. எது எவ்வளவுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. அனன்யா கண்டுபிடிக்கட்டும்."

அனன்யா புது ஸ்லைடைக் காட்டினாள். போன தடவை ஒரே புள்ளியாக இருந்த இடத்தில் இப்போது நீள நீளமாக இழைகள், நடுநடுவே பெரிய பெரிய செல்கள். ஷ்ரேயா உற்றுப் பார்த்துவிட்டு, "ஆலு பெரிய பையன் ஆயிட்டானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றாள் அனன்யா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அந்தப் பெண்.

நானும் டேரிலும் கேண்டீனுக்குப் போய் இரண்டு மசால் தோசை சொன்னோம். அவர் உருளைக்கிழங்கை மட்டும் தனியாக ஒதுக்கி வைத்தார். தின்ன மனசு வரவில்லையாம். நான் அதையும் எடுத்துத் தின்றுவிட்டேன்.

டிசம்பர் 24, புதன்

கிறிஸ்துமஸ் கேரல் பாடும் குழுவில் ஷ்ரேயா. தலையில் அரை விரல் முடி. எல்லாரும் பாடி முடித்த பிறகும் இவள் மட்டும் பாடிக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 27, 2026, செவ்வாய்

ஸ்கேன் சுத்தம். டாக்டர் ரமா என்னிடம், "புதுசா வர்ற அம்மாங்களுக்கு இனிமே நரம்பு ஆராய்ச்சி பத்திச் சொல்றப்போ, உங்க கதையையும் சேத்துச் சொல்லச் சொல்லியிருக்கேன் அனன்யாகிட்ட," என்றார். பேர் சொல்ல வேண்டாம் டாக்டர் என்றேன். "பி.டி. மிஸ்னு மட்டும் சொல்றோம்," என்றார். பெங்களூரில் என்ன, ஆயிரம் பி.டி. மிஸ் இருக்க மாட்டார்களா.

பிப்ரவரி 10, செவ்வாய்

ஷ்ரேயாவுக்கு மூக்கு ஒழுகுகிறது. லேசாகக் காய்ச்சல். சாயங்காலம் தெருமுனைக் கிளினிக்கில் காட்டினேன். ஸ்கூலில் பாதிப் பேருக்கு இதே கதைதான் என்று அங்கிருந்த டாக்டர் ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து ஆவி பிடிக்க வைப்பதற்குள் என் உயிர் போய்விட்டது. "போர்வைக்குள்ள தலைய விடுடி!" என்கிறேன். "மாட்டேன்! சுடுது! நீங்க விடுங்க!" என்கிறாள். சோபாவைச் சுற்றி ஓட்டம். நான் கத்த, அவள் கத்த, மாமா உள்ளேயிருந்து "யாரும்மா வந்திருக்காங்க?" என்று கத்த, டேரில் போய் ஜன்னலைச் சாத்தினார். கடைசியில் நானும் அவளும் ஒரே போர்வைக்குள் தலையை விட்டோம். அவள் என் மூக்குக்கு நேராகத் தும்மினாள்.

இப்போது தூங்குகிறாள், வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டு. இதை எழுத உட்கார்ந்த பிறகுதான் உறைக்கிறது. மருந்து ஏறிக்கொண்டிருந்த போன வருஷம் இதே காய்ச்சல் என்றால், அவசரத்துக்கென்று தயாராக வைத்திருந்த பையைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்போம். இன்று அந்த நினைப்பே எனக்கு வரவில்லை. பிள்ளை வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தும்மினதுக்கு ஒரு அடி போட்டேன், அவ்வளவுதான்.

நாளைக்கு அவள் கிளாஸ் டீச்சருக்கு லீவு லெட்டர் எழுத வேண்டும். காரணம்: சளி.